புதுப்பிப்பு: ஸ்கேன் பிடிஎஃப் படிக்கப் பெரிய திரை ரீடர் வாங்கியாச்சு

சேர்த்துவைத்த மின்னூல்களில் பாதிக்கு மேல் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இறக்கிய ஸ்கேன் பிடிஎஃப்கள், எந்த மின்னூல் வாசிப்புக் கருவி (ரீடர்) சரிவரும் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோபோ எலிப்சா 2இ வாங்கினேன். 10.3 அங்குலத் திரை, அங்குலத்துக்கு 227 புள்ளி (பிபிஐ), 32 ஜிபி சேமிப்பிடம். மெமரி கார்டு போட வழியில்லை. முழுத் தொகுப்பும் கணினியில் காலிபர் என்ற மின்னூல் மேலாண்மை மென்பொருளிலேயே இருக்கிறது. படிக்கப்போவதை மட்டும் ஏற்றுகிறேன்.

உண்மையில் கைகொடுத்தது "கேஓரீடர் போட்டு ஓரத்தை வெட்டுங்க" என்ற யோசனைதான். கேஓரீடர் என்பது ரீடரில் தனியாக நிறுவிக்கொள்ளும் இலவச வாசிப்புச் செயலி. டெமி அளவு (சுமார் 5.5 × 8.5 அங்குலம்) பழைய புத்தகத்தில் சுற்றியுள்ள வெற்றிடம் போனதும் எழுத்து அச்சுப் பிரதியைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரிகிறது. மங்கலான பக்கத்துக்குக் கான்ட்ராஸ்ட் ஏற்றலாம். ரொம்ப ஏற்றினால் பழுப்புத் தாளின் கறையும் சேர்ந்து கறுத்து, புள்ளி எது அழுக்கு எது என்று கண் திணறும்.

எதிர்பாராதது ஒன்று: காலிபர் கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்காமல் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுகிறது, வாயில் நுழையாத பெயர்கள்! கோப்புறையில் தேடாதீர்கள். கேஓரீடரின் காலிபர் தேடலில் ஆசிரியர் பட்டியலைத் திறந்தால் பெயர்கள் தமிழிலேயே வரும்.

ஸ்கேனுக்குள் சொல் தேட முடியாது. அதற்கு மதுரைத் திட்டத்தில் (தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் இணையதளம்) உரை வடிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.