லிமா பிளாசா மயோரில் உண்மையிலேயே பழசு எது?

கேள்வி:
பெரு நாட்டின் தலைநகர் லிமா, ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ 1535-ல் நிறுவிய நகரம் என்கிறார்கள். ஆனால் படங்களில் அதன் மையச் சதுக்கமான பிளாசா மயோரைச் சுற்றியுள்ள கட்டடங்கள் புதுக்கருக்கு மாறாமல் தெரிகின்றன. மரப் பால்கனிகள் அசல்தானா? அத்தனை நிலநடுக்கங்களில் கதீட்ரல் எப்படித் தப்பியது?

பதில் 1:
சந்தேகம் சரிதான். பேராயர் மாளிகை 1924, அரசு மாளிகை 1938, நகராட்சிக் கட்டடம் 1944. பேராயர் மாளிகையின் செதுக்குப் பால்கனிகளைக் காலனிக் காலத்தவை என்று நினைத்துப் படம் எடுக்காதவர் இல்லை! சதுக்கத்தில் நிஜமாகவே பழசு நடுவிலுள்ள வெண்கல நீரூற்று. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அசல் பால்கனி வேண்டுமானால் உகயாலி தெருவில் தோரே தாக்லே மாளிகைக்குப் போங்கள், 1735. மூடிய மரப்பெட்டி போலத் தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். மரச்சல்லடை வழியே உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. இப்போது அது வெளியுறவு அமைச்சகம், அதனால் முகப்பை மட்டும் நம்பிப் போங்கள்.

பதில் 2:
கதீட்ரல் தப்பவில்லை, திரும்பத் திரும்பக் கட்டினார்கள். 1687-லும் 1746 அக்டோபர் 28-லும் நகரமே தரைமட்டம். கனமான வளைகூரை ஆடும்போது சுவரை வெளிப்பக்கம் தள்ளும். சுவர் விலகினால் கூரை மொத்தமும் கீழே. அதனால் கீழ்த்தளத்துக்குச் சுடாத பச்சைச் செங்கல், மேலே 'கின்சா' என்று பிரித்தார்கள். நம்மூர் வரிச்சுச் சுவரேதான்: மரச்சட்டம், அதில் நாணல் பின்னல், மேலே மண், கடைசியில் காரைப்பூச்சு. எடை குறைவு, ஆட்டத்தில் உடையாமல் வளைந்து கொடுக்கும். கதீட்ரலுக்குள் அண்ணாந்து பார்த்தால் கல் விலா எலும்புகள் போலத் தெரிகிறதே, அது மரமும் காரையும்தான்.

கேள்வி கேட்டவர்:
மண் மழையில் கரையாதா?

பதில் 3:
லிமாவில் மழையே அரிது, பனித்தூறல்தான். அதனால்தான் தட்டைக் கூரை போட்டும் காலம் தள்ளினார்கள். கின்சாவின் எமன் அடிக்கட்டை ஈரமும் கரையானும். பழுதுபார்ப்பதாகச் சிமென்ட் பூசினால் இன்னும் கேடு: ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே மரம் உளுத்துப்போகும், விறைத்த பூச்சு தனியே பிளந்து விழும். மண்ணைக் கொண்டே பூச வேண்டும்.

கதீட்ரலில் பிசாரோவின் கல்லறையையும் பாருங்கள். 1891 முதல் அவர் உடல் என்று ஒரு மம்மியைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1977-ல் நிலவறையில், அவர் பெயர் பொறித்த ஈயப்பெட்டியில் மண்டையோடு கிடைத்தபிறகுதான் அந்த மம்மி வேறு யாரோ என்று தெரிந்தது.