நம் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு உதவி வேண்டும்

அண்ணன்களே, அக்காக்களே, வணக்கம். 2021இல் நம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தேன். அந்த வருடம்தான் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது, கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டியது. ஆனால் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கணும் என்பதே எனக்குத் தெரியாது, இயற்பியல் டீச்சர்தான் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தன் போனிலேயே நிரப்பிக் கொடுத்தார், அதை எப்படி மறப்பேன்! இப்போது வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

வரும் மே மாதம் ரிசல்ட் வந்ததும் பள்ளியிலேயே இரண்டு நாள் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்க ஆசை. லேப்டாப்போடு யார் வர முடியும்? கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் பற்றித் தெரிந்தவர்கள் கட்டாயம் வேண்டும். தலைமை ஆசிரியரிடம் யார் மூலம் பேசலாம்? அப்புறம், டீச்சர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்கணும்.