மறு: போசியிலிருந்து (சமையல் பாத்திரம்) ஊற்றும்போது அடியில் வழிவது – கலைச்சொல் என்ன?

> "தேநீர்க்குடுவை விளைவு" என்றே வைத்துக்கொள்ளலாமே. உலகம் முழுக்க அப்படித்தானே சொல்கிறார்கள்?

சேலத்து நண்பருக்கு, வணக்கமுங்க.

1916-லேயே இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல்லுக்கென்று சங்கம் வைத்த ஊர்க்காரர், நேர் மொழிபெயர்ப்போடு நிறுத்திக்கொள்ளலாமா? 1956-ல் திரவ ஓட்ட ஆய்வாளர் மார்க்கஸ் ரெய்னர் இதற்குப் பெயர் வைத்தபோது அவர் பார்த்தது தேநீர்க்குடுவை. நம்ம பக்கம் வழிவது போசியிலும் சொம்பிலும். சுடுபாலை டம்ளருக்கு மெதுவாகச் சாய்த்துப் பாருங்க. விளிம்பு தாண்டிய பால் கீழே விழாமல் உள்வாங்கி மடங்கும், கழுத்தில் இறங்கித் தொப்பையில் ஊர்ந்து அடுப்புத் திட்டில் சொட்டும். "வெடுக்குனு சாய்ச்சு ஊத்தோணும் கண்ணு" என்பார் எங்க அம்மிச்சி. இயற்பியலும் அதையேதான் சொல்கிறது. ஓட்டம் ஓர் அளவுக்கு மேல் வேகமாக இருந்தால் விளிம்பை விட்டுத் தாரையாக விழும். வேகம் குறைந்தால் பாத்திரத்தோடு போய்விடும்.

இதுவரை வந்த சொற்களைப் பார்ப்போம். குடுவையின் மூக்கை வைத்துச் செய்த "மூக்கொழுக்கு" சளிக்கு மருந்து கேட்கிறது. "புறவழிவு" காதுக்கு இனிமைதான், ஆனால் புறவழிச்சாலைப் பலகை பார்த்துப் பழகிய கண்ணுக்கு லாரிதான் தெரியும். "அடியொழுக்கு" என்றால் எங்க வீட்டில் போசி ஓட்டை என்று பற்றவைக்கக் கொடுத்துவிடுவார்கள்.

நான் முன்வைப்பது: ஒட்டுவழிவு.

நேற்று இதற்கு வந்த மறுப்பு வலுவானது:

> ஒட்டு என்றதும் பசை நினைவுக்கு வரும். இங்கே ஒட்டவைப்பது பசையில்லை, காற்றழுத்தம்.

உண்மைதானுங்க. விளிம்பில் வளைந்து திரும்பும் திரவத்துக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று அதைப் பாத்திரத்தின் பக்கம் தள்ளுகிறது என்று கணித அறிஞர் ஜோசப் கெல்லர் 1957-ல் எழுதினார். (1999-ல் வாண்டன்-புரோக்கோடு சேர்த்து அவருக்கு இதற்காக இக் நோபல் கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு அது. பால் சிந்தியவர்களுக்கு அது ஒன்றும் சிரிப்பில்லை.) ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2010-ல் பிரான்சில் ஒரு குழு, தண்ணீர் ஒட்டாத பூச்சை விளிம்பில் பூசிப் பார்த்தது. வழிவது நின்றது. விளிம்பு நனைகிறதா இல்லையா என்பதும் கணக்கில் உண்டு என்று ஆகிவிட்டது. 2021-ல் வியன்னாக் குழு, விளிம்பின் அடியில் எப்போதும் நனைந்து நிற்கும் சிறு துளிதான் ஓட்டத்தைத் திருப்புகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியது. ஈர்ப்பு எவ்வளவு என்பது பெரிய விஷயமில்லையாம், நிலாவில் ஊற்றினாலும் வழியும்.

அதைவிட, தமிழில் ஒட்டி என்றால் பசை வேண்டியதே இல்லை. "வாய்க்காலை ஒட்டித் தோட்டம்", "பவானியை ஒட்டி ரோடு" என்கிறோம். தொட்டும் தொடாமலும் பக்கத்திலேயே கூடப் போவதுதான் அங்கே பொருள். தள்ளுவது காற்றா, இழுப்பது பரப்பா என்று சொல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். திரவம் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன், இடறவில்லை: "விளிம்பு மழுங்கிய சொம்பில் ஒட்டுவழிவு அதிகம்." "ஒட்டிவழியாத விளிம்பு வேண்டுமானால் கூராக வார்க்க வேண்டும்." பாத்திரக்கடையில் சொன்னாலும் புரியும். "தேநீர்க்குடுவை விளைவு" அகராதியில் 'காண்க' என்று ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி ஒன்றுதான் பாக்கி. தாரை விளிம்பை விட்டுப் பிரியும் அந்த வேகத்துக்கு என்ன பெயர்? "பிரிவேகம்" என்று எழுதினால் பிரி + வேகமா, பிரிவு + ஏகமா என்று குழப்பம் வருகிறது. "விலகுவேகம்" எனக்குப் பிடித்திருக்கிறது. திரவவியல் பாடம் எடுக்கிறவர்கள் யாராவது சொல்லுங்க.

பெருந்துறையிலிருந்து