பழைய வேர்டு கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்காக 2000-களின் தொடக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்ட கட்டுரைகள் வேர்டு கோப்புகளாக என்னிடம் உள்ளன. கணினியில் லிப்ரே ஆபிஸ் அவற்றைத் திறக்கிறது. ஆனால் அவை ஒருங்குறியில் அல்லாமல் திஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருப்பதால், அதற்குரிய எழுத்துருவை நிறுவிய பிறகே தமிழாகத் தெரிகின்றன. கைப்பேசியிலோ தலைப்பு முதல் கடைசி வரி வரை புள்ளியும் கொம்பும் வைத்த ரோமன் எழுத்துகளே நிற்கின்றன. பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் பெரியவர்கள் படித்துவிடுகிறார்கள், எனினும் அதில் ஒரு பெயரைக்கூடத் தேட முடிவதில்லை. உரையை வெட்டி இணைய மாற்றியில் ஒட்டினால் ஒருங்குறி கிடைக்கிறது, ஆனால் மாணவர் பட்டியல்கள் இருந்த அட்டவணைகள் குலைந்துவிடுகின்றன. அந்தப் பட்டியல்கள்தாம் எங்களுக்கு மிக முக்கியம். அட்டவணை கலையாமல் முழுக் கோப்பையும் மாற்றும் மென்பொருளோ மேக்ரோவோ தெரிந்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். மாதிரிக் கோப்பு ஒன்றை அனுப்பி வைக்கிறேன்.