பெண்களுக்கெண்டு நடக்கிற பெஸ்ரிவல்களுக்கு குறும்படம் அனுப்பிறது பிரயோசனமோ? காசு கட்டலாமோ?

பனங்கூடல்:
எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச கனநாளா வாசிக்கிறனான், எழுதுறது இதுதான் முதல் தரம்.

போன வருசம் ஒரு குறும்படம் எடுத்தனான், 16 நிமிசம். சுன்னாகத்துக்கு அங்கால எங்கட ஊரிலதான் எடுத்தது. நுண்கடன் எடுத்த ஒரு அம்மான்ர ஒரு நாள், அவ்வளவுதான் கதை. லோன்காரற்ற மோட்டச்சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடக்கில கேட்ட உடன வீட்டுக்குள்ள என்னென்ன நடக்குது எண்டதுதான் முழுப்படமும், லோன்காரற்ற முகத்தை ஒரு இடத்திலயும் காட்டேல்ல. நடிச்சது என்ர சொந்த மாமி, அவவுக்கு நடிப்புத் தெரியாது ஆனா கிழமைக்குக் கிழமை கடன் கட்டத் தெரியும். கமெரா ஒரு கலியாண வீடியோ எடுக்கிற அண்ணாட்ட இரவல், கலியாணம் இல்லாத நாளாப் பாத்துத்தான் தருவன் எண்டவர், அதால ஆடி மாசம் முழுக்க ஷூட்டிங்.

இப்ப என்னண்டா, எங்கட படம் எடுக்கிற குறூப்பில நான் ஒரு பெண்கள் திரைப்பட விழாக்கு அனுப்பப் போறன் எண்டு சொன்னதுக்கு ஒரு அண்ணா சிரிச்சுப்போட்டு "அது லேடீஸ் கொம்பார்ட்மென்ற் மாதிரித்தானே தங்கச்சி" எண்டவர். எனக்கு அண்டைக்கு இரவு நித்திரையே வரேல்ல. மற்றது காசு. விழாக்களுக்கு படம் அனுப்புற பில்ம்ஃப்ரீவே எண்ட வெப்சைற்றில பாத்தா ஒவ்வொண்டும் 25 டொலர் 35 டொலர், டொலர் 300 ரூபா எண்டு வச்சா ஒரு விழாக்கே பத்தாயிரம் போகுது. ஒண்டுக்கு 20 டொலர் கட்டிப் பாத்தன், பேர் சொல்லேல்ல, மூண்டாம் நாளே மெயில் வந்தது நீங்கள்தான் சிறந்த பெண் இயக்குநர், கோப்பை வேணுமெண்டா 95 டொலர் கட்டுங்கோ எண்டு. நான் அனுப்பின வீடியோ லிங்கில எத்தினை பேர் பாத்தது எண்டு காட்டும். பூச்சியம்.

அப்ப உண்மையா இதுகளால பிரயோசனம் இருக்கோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ரீல்பெட்டி:
கோவிக்காதேங்கோ, நான் நேர கதைக்கிற ஆள். படம் நல்லா இருந்தா எந்த விழாவும் எடுக்கும், எடுத்தவர் ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு திரை கேக்காது. தனிய ஒரு விழா வச்சு உங்களுக்குள்ளயே பரிசு குடுத்தா அது இரக்கப்பட்டுக் குடுத்தது மாதிரித்தான். பெரிய விழாக்கு அனுப்புங்கோ, எடுபட்டா எடுபடட்டும்.

பின்வரிசை_அக்கா:
தம்பி ரீல்பெட்டி, திரை கேக்காது, ஆனா தெரிவு செய்யிற மேசையில இருக்கிறவை கேக்காமலே முடிவெடுத்துப் போடுவினம். பெரிய விழா எண்டு சொன்னீர், பிரான்சில நடக்கிற கான் விழாவையே எடுப்பம். 2018 மே மாசம் அங்க 82 பொம்பிளையள் சிவப்புக் கம்பளப் படியில ஏறி நடுவில நிண்டவை. ஏன் 82? 1946இல இருந்து அண்டைமட்டும் அந்த விழான்ர பிரதான போட்டிக்கு பொம்பிளை இயக்குநர்மாற்ற படம் வந்தது 82 தரம், ஆம்பிளையளின்ர 1688 தரம். அந்த வருச நடுவர் தலைவி, நடிகை கேட் பிளான்செட்டும் வயசுபோன பிரெஞ்சு இயக்குநர் அன்யெஸ் வர்தாவும் சேந்து நிண்டு அதை வாசிச்சவை. அண்டைமட்டும் அந்த விழான்ர முதற்பரிசு தங்கப்பனையை வாங்கின ஒரே பொம்பிளை இயக்குநர் ஜேன் கேம்பியன், 1993இல, அதையும் ஒரு சீன இயக்குநரோட பங்குபோட்டு. அடுத்தது 2021இல ஜூலியா டுகுர்னோ, பிறகு 2023இல ஜஸ்டின் த்ரியே. நடுவில 28 வருசம். அந்த 28 வருசமும் உலகத்தில ஒரு பொம்பிளையும் தரமாப் படம் எடுக்கேல்ல எண்டு சொல்லுறீரோ?

எங்கட நாட்டிலயே பாருங்கோ, சிங்களப் பொம்பிளை இயக்குநர் சுமித்ரா பீரிஸ் 1978இல எடுத்த கெஹெனு லமாய் எண்ட படத்தை புதுப்பிச்ச பிரதியா கான் விழால போட்டது 2025இல. 47 வருசம். மனிசி 2023 தையில செத்துப்போனா.

பனங்கூடல் பிள்ளை, உமக்குச் சொல்லுறன், முதல்ல இஞ்சயே தொடங்கும். 2015இல இருந்து நடக்கிற யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழான்ர இயக்குநர் அனோமா ராஜகருணா, அவவும் படம் எடுக்கிற ஆள்தான். பொம்பிளை ஒராள் தலைமையில இருந்தா என்ன வித்தியாசம் எண்டு கேக்கிறவைக்கு நான் சொல்லுறது, நான் பாத்த அளவில படம் முடிஞ்சு கேள்வி நேரத்தில மைக் முன்வரிசை ஐயாமாரோட நிக்காம பின்னுக்கும் வரும். பின்னுக்கு இருக்கிறது நாங்கள்தானே, கடைசி பஸ்ஸுக்கு எழும்ப வேணுமெண்டு கதவடியில இருக்கிற கூட்டம்.

அந்த லேடீஸ் கொம்பார்ட்மென்ற் கதை சொன்ன அண்ணாட்ட ஒண்டு கேளும், அவற்ற குறூப்பில இதுவரைக்கும் கமெராவை ஒரு பெட்டையின்ர கையில குடுத்தவையோ எண்டு. மேக்கப், கண்டினியூட்டி கொப்பி எழுதுறது, தேத்தண்ணி. எனக்கு 20 வருசத்துக்கு முதலும் உதுதான் தந்தவை. ஜெர்மனியில டோர்ட்முண்ட், கொலோன் ரண்டு நகரமும் சேந்து நடத்துற பெண்கள் விழாவில கமெராப் பொம்பிளையளுக்கெண்டே ஒரு போட்டி இருக்கு. ஏன் வச்சவை எண்டு விளங்குதுதானே.

லாச்சப்பல்_மாமி:
பிள்ளை நான் சினிமா படிச்ச ஆள் இல்லை, இஞ்ச பாரிசில துப்பரவு வேலை செய்து இப்ப பென்சன். மகள் யூனிவர்சிற்றியில படிக்கேக்க என்னை இழுத்துக்கொண்டு போனவ, மெற்றோ 8ஆம் லைனில கிரெத்தேய் எண்ட இடத்துக்கு, பெரிய கலை மண்டபம் ஒண்டு இருக்கு அங்க. 1979இல ரண்டு பொம்பிளையள் வேற ஒரு சின்ன ஊரில தொடங்கின விழாவாம், 1985இல இருந்து கிரெத்தேயில நடக்குது. நான் நினைச்சன் முழுக்க படிச்ச வெள்ளைக்காரச் சனமா இருக்கும், எனக்கென்ன வேலை அங்க எண்டு, போனா பாதிப்பேர் என்னை மாதிரித்தான், பக்கத்து மாடிவீட்டுக் கிழவியள், அரபுப் பொம்பிளையள், பள்ளிக்கூடப் பிள்ளையள்.

அண்டைக்கு பாத்தது எந்த நாட்டுப் படம் எண்டுகூட இப்ப மறந்துபோச்சு. ஆனா படம் முடிஞ்சு வெளியில வர, எடுத்த பெட்டை, உம்மட வயசுதான் இருக்கும், கோப்பிக் கோப்பையோட நிண்டவ, எனக்குப் பக்கத்தில இருந்த கிழவி போய் அவவைப் பிடிச்சு, படத்தில வாற ஒரு கதவுச்சீலையப் பற்றி பத்து நிமிசம் கதைச்சவ. கதவுச்சீலை! அது ஏன் ஒரு பக்கம் மட்டும் கிழிஞ்சிருக்கு, வேணுமெண்டு கிழிச்சனீரோ எண்டு. அந்தப் பெட்டைக்கு கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு, ஏனெண்டா அது அவவின்ர அம்மான்ர வீட்டுச் சீலையாம், ஒருத்தரும் இதுவரை கேக்கேல்லையாம். பிரயோசனம் இருக்கோ எண்டு கேட்டீர், எனக்குத் தெரிஞ்ச பிரயோசனம் அதுதான். பரிசு யார் வாங்கினது எண்டு எனக்கு ஞாபகமே இல்லை.

லிங்க் இருந்தா எனக்கும் அனுப்பும், நான் பாத்திட்டுச் சொல்லுறன்.

வவுனியா_பெடியன்:
அக்கா காசு விசயத்துக்கு நான் சொல்லுறன், நானும் உந்தக் கோப்பைக்காரரிட்ட மாட்டினனான். மாதாமாதம் விழா எண்டு போட்டு, அறுபது எழுபது பிரிவு வச்சு, ஒரு மண்டபத்தின்ர படமும் போடாம இருந்தா அது விழா இல்லை, கோப்பைக் கடை. பணம் கட்ட முதல் போன வருச நிகழ்ச்சி நிரல தேடிப் பாருங்கோ, எந்தத் தியேட்டர், எத்தினை மணி, எந்தப் படம் எண்டு இருக்கோ எண்டு. அதில இருக்கிற ஒரு இயக்குநரப் பேஸ்புக்கில பிடிச்சு நேர கேளுங்கோ, அனேகமா பதில் போடுவினம். நல்ல விழாக்காரருக்கு கட்டணத் தள்ளுபடி கேட்டு மெயில் போடலாம், வெக்கப்படாதேங்கோ. நாலு வரி காணும், ஆர், எந்த ஊர், படம் எத்தினை நிமிசம், ஏன் கட்ட ஏலாது. சோகக்கதை எழுதத் தேவையில்லை. ஆனா கடைசித் திகதிக்கு கிட்டப் போடாதேங்கோ, தொடக்கத்திலயே போட்டாத்தான் தள்ளுபடிக் கோட் மிச்சமிருக்கும். கட்டணமே எடுக்காத விழாக்களும் இருக்கு. மற்றது யூரியூப்பில ஏத்திப்போடாதேங்கோ, சில விழா ஒன்லைனில வந்த படத்தை எடுக்காது, பாஸ்வேர்ட் போட்ட லிங்க்தான் அனுப்ப வேணும்.

தரம் தரம் எண்டு கதைக்கிற அண்ணாக்கு: நான் 2022 மார்ச்சில திருவனந்தபுரம் விழாக்குப் போனனான், இஞ்ச பெற்றோலுக்கு வரிசையில நிண்ட காலம், அம்மா பேசப் பேசப் போனது. அங்க அந்த வருசம் புதுசா ஒரு விருது வச்சு லிசா சலான் எண்ட குர்திஷ் இயக்குநருக்குக் குடுத்தவை, 2015இல ஒரு தேர்தல் கூட்டத்தில குண்டு வெடிச்சு ரண்டு காலையும் இழந்தவ, செயற்கைக் காலோட வந்து மேடையில நிண்டவ. மண்டபம் முழுக்க எழும்பி நிண்டு கை தட்டினது, எனக்கு அதை இரக்கம் எண்டு சொல்ல மனம் வரேல்ல, எங்கட ஊரில இருந்து போன ஆக்கள் எல்லாருக்கும் தொண்டை அடைச்சுப்போச்சு. அந்தக் கேரளாவிலதான் அரசாங்கமே 2019 பட்ஜெட்டில 3 கோடி ஒதுக்கி, ரண்டு பொம்பிளை இயக்குநருக்கு ஆளுக்கு ஒண்டரைக் கோடி குடுத்து முழுநீளப் படம் எடுக்க வச்சது. எனக்கு அதுதான் பெரிய விசயம். விழா எடுத்து முடிச்ச படத்தைக் காட்டும், எடுக்க முதல் காசு குடுக்கிறது எங்கட பக்கத்தில ஆர்?

ரீல்பெட்டி:
சரி சரி, எல்லாரும் சேந்து அடிக்காதேங்கோ. 82க்கு 1688 எண்டது எனக்குத் தெரியாது. ஆனா ஒரு விசயத்தில நான் இப்பவும் நிக்கிறன், பெண்கள் விழாக்கு மட்டும் அனுப்பிப்போட்டு இருக்காதேங்கோ, மற்ற விழாக்கும் அனுப்புங்கோ.

பின்வரிசை_அக்கா:
அதை ஆர் வேண்டாமெண்டது? ஒரே படத்தை ரண்டு பக்கமும் அனுப்பலாம். டெல்லியில 2005இல இருந்து நடக்கிற ஆசியப் பெண்கள் திரைப்பட விழாவையும் பாரும் பிள்ளை, வானொலி தொலைக்காட்சியில வேலை செய்யிற பொம்பிளையளின்ர சர்வதேசச் சங்கம் ஒண்டு நடத்துறது. காத்மாண்டுவில ரண்டு வருசத்துக்கொருக்கா பில்ம் சவுத் ஏசியா, ஆனா அது ஆவணப்படத்துக்கு மட்டும், உம்மட மாமியை அடுத்த முறை உண்மையாவே எடுக்கிறதெண்டா யோசியும்.

லாச்சப்பல்_மாமி:
படம் பாத்தன் பிள்ளை. ரண்டு தரம். ஒண்டு கேக்க வேணும். மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டோடன மாமி சொல்லுறா "பிள்ளை உள்ள வா, கோழியையும் உள்ள விடு" எண்டு. கீழ இங்கிலீசில "உள்ளே வா" எண்டதுக்கு மட்டும்தான் எழுத்து ஓடுது எண்டு மகள் சொல்லுறா. கோழி எங்க போனது? முற்றத்தில கோழியக் கண்டா அதை வித்துக் கட்டு எண்டு நிப்பான் எண்ட பயத்திலதானே அந்த மனிசி கூப்பிடுறா. வெள்ளைக்காரிக்கு அது தெரியாட்டி பிறகு ஏன் வீட்டுக்குள்ள கோழி ஓடுது எண்டு யோசிச்சுக்கொண்டு இருப்பாள்.

பனங்கூடல்:
மாமி நீங்கள் சொன்ன பிறகுதான் நானும் பாத்தன். சப்ரைட்டில் போட்டுத் தந்த பெடியன் வரி நீளுது எண்டு வெட்டினவர், நானும் ஓம் எண்டு விட்டிட்டன். இப்ப கோழியைத் திரும்பப் போட்டாச்சு, ரண்டு வரியா வருது, வந்தா வரட்டும்.

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்ன மாதிரி ஆறு இடத்துக்கு தள்ளுபடி கேட்டு மெயில் போட்டனான். ரண்டு பேர் கோட் அனுப்பிட்டினம், ஒரு இடத்தில இந்த வருசம் ஏலாது எண்டு மரியாதையாப் பதில், மிச்சம் மூண்டும் சத்தமில்லை. யாழ்ப்பாண விழாக்கும் திகதி பாத்துக்கொண்டிருக்கிறன்.

நேற்றுப் பின்னேரம் குசினிக்குள்ள இருந்து மாமிக்கு இதெல்லாம் விளங்கப்படுத்தினன், நாலு வரி எழுதிக் கேட்டா காசு கட்டத் தேவையில்லை எண்டு விட்டிட்டினம் எண்டு. அவ தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவ, நிப்பாட்டிப்போட்டு கேக்கிறா, அப்ப உப்பிடி ஒரு மெயில் எங்கட லோன்காரருக்கும் போடலாமோ பிள்ளை எண்டு.