"கர்த்தர் மாற்றுவார்" என்று சொல்லிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

செந்தூல்காரன்:
மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒருவர் கார் ரிப்பேருக்கு என்று என்னிடம் 1,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கடன் வாங்கினார். இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "பண விஷயத்தில் நான் பலவீனன், கர்த்தர் இன்னும் என்னில் கிரியை செய்துகொண்டிருக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாயில் வரவில்லை. மாதம் 50 வெள்ளி கொடுத்திருந்தால்கூட இந்நேரம் 1,200 அடைந்திருக்கும்.

நற்குணம் தானாக முளைத்துவிடாது. விசுவாசத்தோடே தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை என்று ஒவ்வொன்றாகக் "கூட்டி வழங்குங்கள்" என்கிறார் பேதுரு, இரண்டாம் நிருபத்தில். அதுவும் "அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்". அந்த ஜாக்கிரதை யாருக்கு இருக்க வேண்டும்? நமக்குத்தானே?

கெப்போங் சகோதரி:
அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் ஐந்தாம் வசனத்திலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அதற்கு முன் மூன்றாம் வசனம் இருக்கிறது. ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவற்றையும் அவருடைய வல்லமை முதலில் தந்துவிட்டது. நம் வேலை அதற்கு அப்புறம்தான்.

என் அப்பா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவினவர். சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடிப்பார். ஒவ்வொரு வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையிலும் இனித் தொடமாட்டேன் என்று அழுவார். பொங்கலுக்குள் பாட்டில் திரும்ப வந்துவிடும். அவர் முயற்சி செய்யவில்லை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேனே என்று ரோமர் ஏழில் பவுலே புலம்புகிறார். "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது" என்று இயேசு சொல்லியிருக்க, முயற்சி செய், முயற்சி செய் என்று மட்டும் சொல்வது கால் ஒடிந்தவனை ஓடச் சொல்வது மாதிரி.

செந்தூல்காரன்:
சிஸ்டர், அப்பாவை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லமாட்டேன். அவர் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். நான் சொல்லும் ஆள் எழுந்திருக்கவே பார்க்கவில்லை. வரி வசூலித்த சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு அவன் வீட்டுக்கு வந்ததே கிருபை, அவன் அழைக்கவும் இல்லை. ஆனால் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றது அவன் வாய்தான். எபேசியரில் பவுலும், திருடுகிறவன் இனித் திருடக்கூடாது என்பதோடு விடவில்லை. தன் கைகளால் வேலை செய்யட்டும், இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார்.

செட்டாபாக் தம்பி:
பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் சேர்த்துப் படித்தால் முடிந்தது. "பிரயாசப்படுங்கள்", "ஏனெனில் தேவனே" செய்கிறார். இதில் என்ன சண்டை?

கெப்போங் சகோதரி:
சண்டையே அந்த "ஏனெனில்" பற்றித்தான், தம்பி. அவர் உனக்குள் செய்கிறார், அதனால் பிரயாசப்படு என்பது ஒன்று. நீ பிரயாசப்பட்டால்தான் அவர் செய்வார் என்பது வேறு. நம் பிள்ளைகளுக்கு இரண்டாவதைத்தான் ஊட்டி வளர்க்கிறோம். ஒழுங்காக நடக்க முடிந்தவளுக்குப் பெருமை வருகிறது, முடியாதவள் ஆராதனைக்கு வருவதையே விட்டுவிடுகிறாள். என் தங்கை விட்டுவிட்டாள்.

பழைய மெதடிஸ்ட்:
நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவன், வயது 71. இரண்டு பேருமே மனுஷனைத் தனியாக நிறுத்தி வைத்துப் பேசுகிறீர்கள். 1742-ல் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்குக் கட்டடக் கடன் இருந்தது. பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள் ஒருவன் குடித்துக் கிடப்பதையும், ஒருவன் மனைவியோடு சண்டை போடுவதையும் பார்த்து வந்து சொன்னார்கள். வாராவாரம் கூடி ஒருவரையொருவர் விசாரிக்கும் வகுப்புக் கூட்டம் அப்படித்தான் பிறந்தது. கடன் வசூலில் ஆரம்பித்தது, கவனியுங்கள்! கிருபையை ஊர் ஊராகப் பிரசங்கித்த மனிதர் வெஸ்லி. அவரே, விசாரிக்க ஆள் வேண்டும் என்று கண்டுகொண்டார்.

செந்தூல் தம்பி, சகோதரன் குற்றம் செய்தால் தனியாகப் போய் உணர்த்து என்று மத்தேயு 18-ல் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை போனீர்கள்? கெப்போங் மகளே, ஜனவரி இரண்டாம் வாரத்தில் உங்கள் அப்பா பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?

செந்தூல்காரன்:
ஐயா, வாட்ஸ்அப்பில் இரண்டு தடவை கேட்டேன். நேரில் ஒரு தடவைகூட இல்லை. முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சம். ஆனால் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், இப்போது இங்கேயும். இது என் குணத்தில் இருக்கிற கோளாறு, இதற்கு நானே பொறுப்பு. முதலில் எழுதியதை நான் மாற்றவில்லை. சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். மாதம் 50 போதும் என்று சொல்வேன்.

கெப்போங் சகோதரி:
ஐயா, ரொம்ப காலம் யாரும் இல்லை. அப்புறம் அடுத்த லயத்து வீட்டுத் தாத்தா ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார். அப்பாவைத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப்போய், சாராயம் தேடும் நேரம் தாண்டும்வரை கடையிலேயே உட்கார வைத்திருப்பார். தினமும், மழை பெய்தாலும். அப்பா நிறுத்தியது அப்படித்தான். தாத்தாவை அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதவு தட்டினதும் எழுந்து சட்டை மாட்டியது அப்பா, அதையும் மறுக்கவில்லை.

அண்ணே, சனிக்கிழமை பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தக் கார் இப்போது ஓடுகிறதா என்று கேளுங்கள்.