வறட்சியில் இலைவழித் தெளிப்பு: எனக்குக் கருகியதும் பிழைத்ததும்

2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீருக்கு அலைந்தது ஞாபகம் இருக்கும். குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வேறு அறிவித்திருந்தார்கள். அல்சூரில் எங்கள் கட்டட போர்வெல்லும் கைவிரித்தது. மாடியில் தக்காளி, மிளகாய், கத்தரி என்று முப்பது பைகள். காலை பத்தரைக்கே தலை தொங்கிவிடும்.

தர்மபுரியில் கடலை போடும் மாமாவுக்கு போன் போட்டேன். "பொட்டாஷ் ஒரு சதவீதம் கரைச்சு இலையில அடி மாப்ள" என்றார். அதாவது லிட்டருக்கு 10 கிராம். பொட்டாஷ் என்பது பொட்டாசிய உப்பு உரம். இலையிலிருந்து நீர் ஆவியாகும் துளைகள் திறந்து மூடுவதே பொட்டாசியத்தை வைத்துத்தானாம்.

தராசில் நிறுக்காமல் ஸ்பூன் கணக்கில் போட்டேன். தண்ணீர் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீரில் கரைத்தேன். அடித்ததோ உச்சி வெயிலில். மறுநாள் கத்தரி இலை ஓரமெல்லாம் கருகல்! "அந்தத் தண்ணியே உப்பு, பொட்டாஷும் உப்பு. செடி என்ன ஊறுகாயா?" என்று மாமா பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சமையலறைத் தராசில் நிறுத்து, நல்ல தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, வெயில் தாழ்ந்தபின் அடித்தேன். கடைசி நான்கு மிளகாய்ப் பைகளுக்குக் கரைசல் போதவில்லை. அதனால்தான் வித்தியாசமே தெரிந்தது. எல்லாவற்றுக்கும் அதே அரை லிட்டர் தண்ணீர்தான். ஆனால் அடித்த மிளகாய் மதியம் ஒரு மணி வரை நிமிர்ந்து நின்றது, அந்த நான்கும் பழையபடி பத்தரைக்கே துவண்டன. நான்கு பையை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல வரவில்லை. ஏற்கெனவே சுருண்டுபோன இரண்டு தக்காளி என்ன அடித்தும் எழவில்லை.

*ராமமூர்த்தி நகரிலிருந்து ஒருவர் எழுதிய பதில்:*
நான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பி.பி.எஃப்.எம். திரவத்தை வாங்கினேன். இலை வெளிவிடும் மெத்தனாலைத் தின்று இலை மேலேயே வாழும் இளஞ்சிவப்பு பாக்டீரியா அது. லிட்டருக்கு 10 மில்லி. ஒரே வேலையாக முடியட்டும் என்று தாமிரப் பூஞ்சைக்கொல்லியையும் அதிலேயே கலந்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை நானே கொன்ற கதை!

*அல்சூரிலிருந்து நான்:*
அடப்பாவமே. நம் இரண்டு பேரையும் மாமாவிடம் அனுப்ப வேண்டும். அப்புறம், பைகளில் காய்ந்த இலையை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பியிருக்கிறீர்களா? நான் அதைச் செய்தபின் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றினாலே போதுமாக இருந்தது.